உப்பும் நீரும்: வியாபாரிகள் அறியவேண்டிய ஒரு பாடம்



சென்ற மாதம் நம் கடைக்கு ஒரு மூதாட்டியார் வந்தார். "தம்பி, பேரனுக்கு வயிற்றுப்போக்கு. இந்த உப்புச் சர்க்கரைப் பாக்கெட்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் நிற்குமல்லவா?" என்று கேட்டார். "நிற்கும்" என்று சொல்ல வாயெடுத்த நாம், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தது. அப்படியே சொல்லி அனுப்பினோம். காரணத்தைப் பிறகுதான் படித்தறிந்தோம்.

அந்தக் காரணம் நம் கடைச் சரக்கிலேயே இருக்கிறது. கிஸ்மிஸ் பழத்தைத் தண்ணீரில் போட்டால் உப்புகிறது. பச்சை மீனில் உப்பைத் தடவினால் நீர் கசிந்து வடிகிறது. இரண்டுக்கும் விதி ஒன்றே. உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பையும் சர்க்கரையும் அவ்வளவு எளிதில் விடாது. ஆகவே, கரைந்த பொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். கருவாடு எளிதில் கெடாததும் இதனால்தான். கிருமிகளின் நீரையும் உப்பு இழுத்துவிடுகிறது.

நம் இரத்த அணுக்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. வெறும் தண்ணீரில் இட்டால் உப்பி வெடிக்கும். கடும் உப்பு நீரில் இட்டால் சுருங்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள நீரில் மாறாமல் இருக்கும். ஆஸ்பத்திரியில் வழக்கமாக ஏற்றும் உப்பு நீரின் அளவும் இதுவே.

இனிப் பாக்கெட்டுக்கு வருவோம். சரியான அளவில் கரைத்தால், சர்க்கரையின் துணையால் குடல் உப்பை உறிஞ்சும். தண்ணீரும் கூடவே உடம்பில் சேரும். கெட்டியாகக் கரைத்தாலோ, உடம்பிலுள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டுப் போக்கு அதிகமாகும். இரத்தத்தில் உப்பு மிகுந்தால் மூளையின் அணுக்களும் சுருங்கும். குழந்தையின் உயிருக்கே ஆபத்து. 2002-ல் உலக சுகாதார நிறுவனம், லிட்டருக்கு 3.5 கிராமாக இருந்த உப்பை 2.6 கிராமாகவும், 20 கிராமாக இருந்த குளுக்கோஸை 13.5 கிராமாகவும் குறைத்தது. குறைத்த பின் போக்கும் குறைந்ததே தவிர, மருந்தின் பலன் குறையவில்லை.

ஆகவே, பாக்கெட்டைக் கொடுக்கும்போது அதில் கண்ட தண்ணீரின் அளவையும் வாயால் சொல்லிக் கொடுப்போம். பாக்கெட்டுக்குப் பாக்கெட் அளவு மாறும். பார்த்தே சொல்ல வேண்டும். குழந்தை சோர்ந்து, கண் குழிந்து காணப்பட்டால் உடனே டாக்டரிடம் அனுப்புவோம். எடையில் குறை வைக்காத நாம், இந்தச் சொல்லிலும் குறை வைக்கலாகாது.