பூட்டிய கமரா, பூட்டாத வழி

காலி வீதியில் மாலிபன் சந்திக்கும் கொலுமடம சந்திக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளுக்குள் நடந்து பார்த்தால், மதில் கட்டிய வீட்டில் கமராவும் இருக்கும். இரத்மலானையில் அது கேற்றைப் பார்க்கிறது. வெள்ளவத்தை மாடிவீடுகளில் கதவுக்கு வெளியே நடையைப் பார்க்கிறது. கொட்டாஞ்சேனையில் கடைக்கு ஒன்று, கடைக்கு மேலே குடியிருக்கும் வீட்டுக்கு ஒன்று. படம் பதிவாவது இங்கே. பார்ப்பவர்கள் ஸ்கார்பரோவிலும் ஹரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். அம்மா தனியே இருக்கும் வீட்டைப் பிள்ளைகள் வேலைக்குப் போகிற வழியில் போனில் திறந்து பார்க்கிறார்கள்.

கமரா பூட்டும்போது, வெளியிலிருந்து வீட்டுக்குள் ஒரு வழியும் வெட்டப்படுகிறது. எத்தனை மெகாபிக்சல், இரவில் நிறம் தெரியுமா என்று புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் அரை நாள் விசாரிக்கிறவர்கள் இந்த வழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த இடத்தில்தான் சில நம்பிக்கைகள் குடியேறிவிட்டன.

“எங்கட வீட்டை யார் பார்க்கப் போறான்?”

பார்ப்பதற்கு ஆள் தேவையில்லை. இணையத்தின் பழைய முகவரி முறையில் இருப்பது சுமார் 430 கோடி முகவரிகள். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸீமாப் என்றொரு கருவியை வெளியிட்டார்கள். ஒரு கணினியும் வேகமான இணைப்பும் இருந்தால், அத்தனை முகவரிகளையும் முக்கால் மணித்தியாலத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். இரத்மலானை வீடும் நியூயோர்க் வங்கியும் அதற்கு வெறும் இலக்கங்கள்.

இதனால் என்ன நடக்கும் என்பதை 2016 காட்டியது. மிராய் என்ற தீநிரல் இணையத்தில் அலைந்து கமராக்கள், அவற்றின் படத்தைப் பதியும் டிவிஆர்கள், ரவுட்டர்களைத் தேடியது. அதன் கையில் இருந்த ஆயுதம், தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரும் பாஸ்வேர்டுமாக அறுபது சொச்சம் சோடிகள் மட்டுமே. அந்தச் சின்னப் பட்டியலே ஆறு லட்சம் கருவிகள் வரை பிடித்துக் கொடுத்தது. அந்த ஆண்டு ஒக்டோபர் 21-ஆம் திகதி தளங்களின் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றிக் கொடுக்கும் டின் என்ற நிறுவனத்தின் மீது அந்தக் கருவிகள் ஏவப்பட்டபோது ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் முடங்கின. மிராயை எழுதிய மூன்று இளைஞர்களின் ஆரம்ப நோக்கம் மைன்கிராப்ட் விளையாட்டுச் சேவையில் போட்டியாளர்களை வீழ்த்துவதுதான். பிடிபட்ட கமராக்களின் சொந்தக்காரர்களுக்கோ ஒன்றும் தெரியாது. படம் வழக்கம்போல வந்துகொண்டே இருந்தது.

படத்துக்கும் சந்தை இருக்கிறது. 2025 பெப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையின் உள்ளறையில் இருந்த பெண்களின் காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளிவந்து, விலைக்கு விற்கப்பட்டது தெரியவந்தது. அந்தப் பெண்கள் பிரபலமானவர்கள் என்பதற்காக யாரும் தேடிப் போகவில்லை. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

“பாஸ்வேர்ட் கஷ்டமானது, போர்ட் நம்பரும் மாத்தியாச்சு”

வெளியிலிருந்து பார்ப்பதற்கு நம் ஊரில் நெடுங்காலம் இருந்த முறை போர்ட் ஃபோர்வர்டிங். ரவுட்டருக்குள் போய், வெளியிலிருந்து 8000 என்ற இலக்கத்தில் வரும் யாரையும் நேரே டிவிஆரிடம் அனுப்பு என்று எழுதிவைப்பார்கள். வந்தவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் பொறுப்பு முழுவதும் டிவிஆரின் தலையில். அந்தக் கேள்வி கேட்கும் மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து என்பது பொருட்டேயில்லை. 2021 செப்டெம்பரில் ஹிக்விஷன் கமராக்களில் வெளிப்பட்டது அப்படியான ஓட்டைதான். பயனர் பெயரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்; ஒழுங்காக வடிவமைத்த ஒரு செய்தியை அனுப்பினால் கருவி முழுவதும் கைக்குள் வந்துவிடும். நிறுவனம் உடனே திருத்தம் வெளியிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து சைஃபேர்மா என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தேடிப் பார்த்தபோது, அந்தத் திருத்தம் ஏற்றப்படாத கமராக்கள் எண்பதாயிரத்துக்கு மேல் இணையத்தில் திறந்து கிடந்தன.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. டிவிஆர் பூட்டிய நாளில் என்ன மென்பொருள் இருந்ததோ அதோடுதான் நம் வீடுகளில் அது சாகும்வரை ஓடுகிறது. போனுக்கு அப்டேட் போடுகிறவர் டிவிஆருக்கும் அப்டேட் உண்டு என்று கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

போர்ட் இலக்கத்தை மாற்றுவது ஒளிந்துகொள்வதற்குக்கூட உதவாது. ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இணையத்தில் தட்டித் தட்டி, எந்த முகவரியில் எந்த இலக்கத்தில் எந்தக் கருவி பதில் சொல்கிறது என்று பட்டியல் வைத்திருக்கிறது. 8000-ஐ 8765 ஆக்கினாலும் கருவி தன் பெயரைத் தானே சொல்லிவிடும். ரவுட்டரில் யூபிஎன்பி என்ற வசதி இயங்கினால் இன்னொரு சங்கடம்: நீங்கள் ஒன்றும் எழுதாமலே டிவிஆர் தனக்கு வேண்டிய போர்ட்டைத் தானே திறந்துகொள்ளும். அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலையிடி பெரும்பாலும் இல்லை. அங்கே ஒரே வெளிமுகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. போர்ட் ஃபோர்வர்டிங் செய்தாலும் வேலை செய்யாது. அதற்காக மாதாமாதம் காசு கட்டி நிலையான முகவரி எடுக்கச் சொல்லும் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். எடுக்காதீர்கள்.

“அப்தானே, கம்பனி பார்த்துக்கொள்ளும்”

இப்போது விற்கும் கமராக்களில் பெரும்பாலானவை வேறு வழியில் இயங்குகின்றன. கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணினால் அப்பில் படம் வருகிறது. கமரா தானாக வெளியே போய்க் கம்பனியின் சேவையகத்தில் காத்திருக்கிறது. உங்கள் போனும் அங்கே போகிறது. இரண்டையும் அது சேர்த்து வைக்கிறது. வீட்டில் போர்ட் எதுவும் திறப்பதில்லை. அந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

ஆனால் இடையில் நிற்பவரைப் பொறுத்தது எல்லாம். பல மலிவுக் கமராக்களுக்குள் இருந்த ஐலிங்க்பிடுபி என்ற மென்பொருளில் 2019-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்ட குறை, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளைத் தொட்டது. கருவியின் அடையாள எண் ஊகிக்கக்கூடிய ஒழுங்கில் இருந்ததால் வந்த வினை அது. பெயரெடுத்த கம்பனிகளும் தப்பவில்லை. 2024 பெப்ரவரியில் வைஸ் என்ற கமரா நிறுவனத்தில் சேவை விழுந்து எழுந்தபோது சுமார் 13,000 பேரின் அப்பில் அந்நியர் வீட்டுப் படங்கள் வந்து நின்றன. அங்கே யாரும் உடைக்கவில்லை. கம்பனியே மாற்றிக் கொடுத்துவிட்டது.

அதற்காக அப்பை அழிக்கச் சொல்லவில்லை. கேற்றையும் மதிலையும் பார்க்கும் கமராவுக்கு, தொடர்ந்து திருத்தம் வெளியிடும் ஒரு கம்பனியின் அப் போதும். வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட் வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட வேண்டும். உள்நுழையும்போது அது கேட்கும் குறியீடு அம்மாவின் போனுக்கு வராமல், கணக்கை வைத்திருக்கும் பிள்ளையின் மின்னஞ்சலுக்கு வருவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் விடியச்சாமம் இரண்டு மணிக்கு அம்மாவை எழுப்பி “வந்த நம்பரைச் சொல்லுங்கோ” என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். தொலைபேசியில் யார் கேட்டாலும் நம்பரைச் சொல்லும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வரும். பழைய கமராவை விற்கப் பேஸ்புக்கில் படம் போடும்போது அடியில் ஒட்டியிருக்கும், அடையாள எண் உள்ள கியூஆர் குறியை மறைத்துக்கொள்ளுங்கள்.

“விபிஎன் எல்லாம் பெரிய வேலை”

இலங்கையர்களுக்கு விபிஎன் பழகியது தடைகளால். 2018 மார்ச்சிலும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரலிலும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோது, கண்ணில் பட்ட இலவச விபிஎன் ஒன்றை இறக்கி எல்லோரும் தாண்டினோம். அதனால் கமராவுக்கு விபிஎன் என்றதும் அதே அப்தான் ஞாபகம் வருகிறது. அது நம்மை யாரோ ஒருவருடைய சேவையகத்துக்குக் கொண்டுபோகும் வழி. இங்கே வேண்டியது நம் வீட்டுக்குள் மட்டும் வந்து சேரும் வழி. இலவச விபிஎன் அப் போட்டுக்கொண்டு கமராவைப் பார்ப்பதால் பாதுகாப்பு ஒரு துளியும் அதிகரிக்காது.

வேலையும் முன்போலப் பெரிதில்லை. வயர்கார்ட் என்ற முறை 2020 மார்ச்சில் லினக்ஸின் மையத்திலேயே சேர்ந்துவிட்டது. சில புதிய ரவுட்டர்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. ரவுட்டரில் இல்லாவிட்டாலோ, 4ஜி இணைப்பாக இருந்தாலோ, அதன்மேல் கட்டிய டெயில்ஸ்கேல் உதவும். தனியாள் பாவனைக்கு இலவசம். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கணினி வேண்டும். ராஸ்ப்பெரி பையோ, மூலையில் கிடக்கும் பழைய லப்டொப்போ போதும். அதில் டெயில்ஸ்கேலைப் போட்டு, வீட்டு வலையமைப்பின் எண்வரிசையை அது அறிவிக்கும்படி செய்து, கணக்கின் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஸ்கார்பரோ போனிலும் அதே செயலியைப் போட்டு உள்நுழைந்தால், 192.168.1.64 என்று டிவிஆரின் உள்வீட்டு முகவரியையே அடித்துப் பார்க்கலாம். வெளியே போர்ட் எதுவும் திறந்திருக்காது. இரு முனையும் உள்ளிருந்து வெளியே போய்த்தான் சந்திக்கின்றன.

இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. கனடா வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையையே வைத்திருக்கலாம். அப்போது அந்த வீட்டு வைஃபையில் இருக்கும் போன், இரத்மலானை டிவிஆரைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டு நிற்கும். “வெளியில் நின்றால் வேலை செய்யுது, வீட்டுக்குள் செய்யேல்லை” என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இதுதான். தொடங்குவதற்கு முன்பே இங்குள்ள ரவுட்டரை 192.168.57 போல யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றி, டிவிஆருக்கும் அதற்கேற்ற முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவின் அறைக்குள்ளும் கமரா வேண்டும் என்று குடும்பம் தீர்மானித்தால் இந்த வழியைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். அறைக்குள் வேண்டுமா என்ற கேள்வியை முதலில் அம்மாவிடம் கேட்பது நல்லது. வீட்டுத் தேவைக்காகத் தனியாள் கையாளும் தரவை 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்குள் எடுக்கவில்லை. ஆக, பிள்ளைகளிடமிருந்து அம்மாவைக் காக்க அந்தச் சட்டம் வராது.

“கிளவுட் இருக்கு, என்ன நடந்தாலும் பதிவாகும்”

2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி, நாடு முழுவதும் மின்சாரம் போனது. காலி வீதியோரம் எத்தனை கமராக்கள் அன்று கண்ணை மூடின என்று யாருக்குத் தெரியும்? மின்சாரம் இல்லையென்றால் ரவுட்டர் இல்லை. ரவுட்டர் இல்லையென்றால் கிளவுட் இல்லை. 2022 மின்வெட்டுக்காலத்தில் வாங்கிய சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் இருந்தால் அதை ரவுட்டருக்குக் கொடுங்கள். கமராவுக்கும் ஒன்று வேண்டும். இடைவிடாத கிளவுட் பதிவு டேட்டாவையும் தின்னும்: 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு கமரா நாளொன்றுக்கு 21.6 ஜிபி. பதிவு வீட்டு டிஸ்கில் இருக்கட்டும், அசைவு அறிவிப்பு மட்டும் வெளியே போகட்டும்.

“செட் பண்ணின பொடியன் எல்லாம் சரியாய்ச் செய்திருப்பான்”

வெளிநாட்டுக் களவாளியைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். கமரா பூட்ட வருபவர் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தன் சொந்தக் கணக்கிலேயே கருவியைப் பதிந்துவிட்டு, உங்களுக்கு அதைப் பகிர்ந்துவிட்டுப் போவார். படம் உங்களுக்கு வருவதால் நீங்கள் கவனிக்கமாட்டீர்கள். அப்பைத் திறந்து பாருங்கள்: பகிரப்பட்ட கருவி என்று அடையாளம் இருந்தால் சொந்தக்காரர் நீங்கள் அல்ல, அவர். டிவிஆரின் மூடியில் மார்க்கரால் பாஸ்வேர்டை எழுதிவிட்டுப் போவதும் உண்டு. அதே எழுத்துகள் அவர் பூட்டிய மற்ற வீடுகளிலும் இருக்கும்.

அமெரிக்காவில் டலஸ் பகுதியில் ஏடிடி என்ற வீட்டுப் பாதுகாப்பு நிறுவனத்தின் டெக்னீஷியன் ஒருவர் வேலைக்குப் போன வீடுகளின் கணக்குகளில் தன் மின்னஞ்சலையும் சேர்த்துவைத்தார். நாலரை வருடங்களில் சுமார் 200 கணக்குகளுக்குள் 9,600 தடவைகளுக்கு மேல் நுழைந்து பார்த்ததை 2021 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவ்வளவு காலமும் யாரும் ஒன்றையும் உடைக்கவில்லை. தானே சேர்த்துவைத்த மின்னஞ்சலோடுதான் அவர் உள்ளே போனார்.

எல்லா டெக்னீஷியனையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன், அவர் முன்னாலேயே அவருடைய கணக்கிலிருந்து கருவியை நீக்கச் சொல்லி, உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை அவர் போன பிறகு மாற்றுங்கள். நாலு நாட்டிலுள்ள நாலு பிள்ளைகளுக்கும் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனித்தனிக் கணக்கு கொடுங்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் கிடக்கும் ஒரே பாஸ்வேர்ட், குழுவை விட்டுப் போனவர்களிடமும் இருக்கும்.

யாரோ நுழைந்திருக்கிறார் என்று தோன்றினால் பதறிப்போய் டிவிஆரை உடனே ரீசெட் பண்ணிவிடாதீர்கள். ரவுட்டரிலிருந்து அதன் வயரைக் கழற்றுங்கள். டிவிஆரின் மெனுவில் லொக் (Log) என்ற பகுதியில் எந்தப் பயனர், எந்த நேரம், எந்த முகவரியிலிருந்து வந்தார் என்று பெரும்பாலும் இருக்கும். அந்தத் திரையைப் பக்கம் பக்கமாகப் போனில் படமெடுங்கள். அனுமதியின்றி உள்நுழைவது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாட்டுக்கு அந்தப் படங்கள் வேண்டும். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்பை 101-இல் அழைக்கலாம். ரீசெட்டும் புதுப் பாஸ்வேர்டும் அதற்குப் பிறகு.