வெள்ளைக் கெளுத்தியின் நிறம் எங்கிருந்து வந்தது?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கண்மாய்களில் அகப்படும் கெளுத்தி சாம்பலோ கருமையோ படர்ந்த மீனாக இருக்க, வண்ணமீன் கடைகளின் தொட்டிகளில் அதற்கு உறவான மீன்கள் பால் வெள்ளையாகவும் பொன் மஞ்சளாகவும் ஊதாவாகவும் நீந்துகின்றன. அந்நிறங்களைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளில் மூன்று திருத்தப்பட வேண்டியவை.

நம்பிக்கை: கடைகளில் ‘வெள்ளை ஷார்க்’ எனப்படும் மீன் சுறாவில் ஒரு தனி இனம்.

அது சுறாவும் அன்று, தனி இனமும் அன்று. மீகாங் ஆற்றைத் தாயகமாகக் கொண்டதும், உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படுவதுமான பங்காசியஸ் என்னும் கெளுத்தியின் நிறமற்ற வடிவமே அம்மீன். வளர்ந்தால் ஒரு மீட்டரையும் தாண்டக்கூடிய அதற்கு வீட்டுத் தொட்டி எந்நாளும் போதாது. மீனின் தோலில் கருமை தரும் மெலனின் என்னும் நிறமி, அதற்கென்றே அமைந்த செல்களில், டைரோசினேஸ் என்னும் நொதியின் துணையோடு உருவாகிறது. இந்த ஆக்கத்துக்குத் தேவையான மரபணுக்களில் ஒன்று பழுதுபட்டால் கருமை தோன்றாமல் போக, கண்ணின் இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து விழி சிவக்கிறது. ஆல்பினிசம் எனப்படும் இந்த நிறமியின்மை பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது பழுதுபட்ட மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பு. ஆகவே அம்மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரு கருமீன்கள் இணைந்தால் குஞ்சுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். பண்ணையாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்துத் தம்முள்ளேயே இணைத்துப் பெருக்கியதால்தான் கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தியின் வெள்ளை வடிவமும், தொட்டியின் பாசியைத் தின்னும் ‘டேங்க் கிளீனர்’ மீனின் வெள்ளை வடிவமும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. கண்ணில் ஒளியைத் தடுக்கும் நிறமி இல்லாத இம்மீன்களைக் கூசும் விளக்கின் கீழ் வைப்பது அவற்றுக்குத் துன்பம்.

நம்பிக்கை: நீரில் கலக்கும் ரசாயனமே இத்தகைய நிறங்களை உண்டாக்குகிறது.

பட்டாசு மண்ணில் இந்த எண்ணம் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பையும், பேரியம் உப்பு பச்சையையும், செம்பின் உப்பு நீலத்தையும் தருவதை அறிந்த ஊரில், அதே உப்பு நீரில் கரைந்தால் மீனுக்கும் நிறம் ஏறும் என்று கருதுவது இயல்பே. ஆனால் வாணத்தின் நிறம் வெப்பத்தால் கிளர்ந்த அணுக்களும் மூலக்கூறுகளும் உமிழும் ஒளி. நெருப்பு அணைந்தால் அதுவும் இல்லை. மீனின் நிறமோ செல்களுக்குள் ஆக்கப்படும் நிறமிகளாலும், ஒளியைத் திருப்பி அனுப்பும் குவானின் படிகங்களாலும் அமைவது. நச்சுக் கழிவு மீனை நோயாளியாக்கும், வெளிறச் செய்யும், கொல்லும். ஆயினும் தலைமுறை தோறும் மாறாமல் தொடரும் வெண்மைக்கு வேர் மரபணுவில் உள்ளது, சாக்கடையில் அன்று.

அப்படியானால் கண்மாய்களில் வெள்ளைக் கெளுத்தி ஏன் அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா விடை தருகிறது. வண்ணமீன் வணிகத்துக்காக 1960களில் தாய்லாந்திலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட நடக்கும் கெளுத்திகளில் வெளியே பரவிய முதல் மீன்கள் பெரும்பாலும் வெள்ளை நிறத்தவை. இன்று அங்குள்ள நீர்நிலைகளில் காணப்படுபவையோ பெரும்பாலும் கருநிறத்தவை. கலங்கல் நீரிலும் பளிச்சென்று தெரியும் வெள்ளை மீன் பறவைக்கும் பெரிய மீனுக்கும் முதலில் இரையாவதே இதற்குச் சொல்லப்படும் காரணம். இயற்கை கழித்துவிடும் நிறத்தைத் தொட்டிதான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

நம்பிக்கை: நீலமும் இளஞ்சிவப்புமான கோரிடோரஸ் தேர்ந்த வளர்ப்பால் கிடைத்த வகை.

அவற்றுள் பல, வெள்ளை மீனின் உடலில் ஊசியால் சாயம் ஏற்றியோ, மேற்புறச் சளிப்படலத்தை அமிலத்தால் நீக்கிச் சாயத்தில் முக்கியோ செய்யப்பட்டவை. சளிப்படலம் மீனுக்கு நோய்த்தடுப்புக் கவசம். அது போனபின் பிழைக்கும் மீனிலும் சாயம் சில மாதங்களில் மங்குகிறது, குஞ்சுகளுக்கு அது செல்வதே இல்லை. இதைக் கொடுமை என்றே சொல்ல வேண்டும். ஒளிரும் மீன்கள் வேறு வகை: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1999இல் ஜெல்லிமீனின் மரபணு புகுத்தப்பட்ட வரிக்குதிரை மீனில் தொடங்கி, 2003இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்து, பின்னர் கோரிடோரஸ் வரை விரிந்த அந்த ஒளி சந்ததிக்கும் செல்லும். இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசின் ஒப்புதல் இல்லாமல் மரபணு மாற்றிய உயிரினங்களை இறக்குமதி செய்யவோ விற்கவோ இயலாது.

நிறம் எதுவாயினும் கண்மாய்க்கு அந்நிய மீன் அந்நிய மீனே. ‘டேங்க் கிளீனர்’ கரையில் வளை தோண்டி முட்டையிடுவது, தமிழக நீர்நிலைகள் பலவற்றில் ஏற்கெனவே பரவியும் விட்டது. ஆகவே சாயம் ஏற்றிய மீனை வாங்க மறுப்பதோடு, வளர்க்க இயலாமற்போன மீனைக் கண்மாயில் விடாமல் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்குமாறு வாசகர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.