புகைமூட்டத்தில் ஓடும்போது உடலுக்குள் நடப்பது என்ன?

தெப்ராவில் எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு திடல் உண்டு. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் சூழ்ந்திருந்த நாட்களிலும் நான் அங்கே மாலைதோறும் ஓடினேன். பள்ளிக் குறுக்கோட்டத்திற்குத் தேர்வாக வேண்டும் என்ற ஆசை. "உடற்பயிற்சி செய்கிறவனுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதிகம், புகை என்ன செய்யும்?" என்று அம்மாவிடம் வாதாடினேன். பிறகு மூன்று வாரம் இருமினேன். என் வாதம் எங்கே பிழைத்தது என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பின்னரே படித்தறிந்தேன்.

புகையிலுள்ள துகள்கள் ஒரே அளவின அல்ல. 100 நானோமீட்டருக்கும் குறைந்தவை நானோ துகள்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கே நானோமீட்டர். 10 மைக்ரான் அளவுள்ள ஒரு தூசியை 100 நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் பத்து இலட்சம் உருண்டைகள் கிடைக்கும். எடை மாறாது, ஆனால் மொத்தப் பரப்பு நூறு மடங்காகும். நச்சு வேதிப்பொருள்கள் ஒட்டிக்கொள்வது அந்தப் பரப்பில்தான்.

நாம் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக ஓடினால் அது 60 லிட்டரையும் தாண்டும். அதுவும் வாய்வழியாக! மூக்கின் வடிகட்டலுக்கு அங்கே வேலையில்லை.

நுரையீரலின் காற்றறைகளைக் காப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கணுக்கள். கிருமியை விழுங்கிச் செரித்துவிடும் இவற்றால் புகைக்கரியைச் செரிக்க இயலாது. கரி சேரச் சேர, சைட்டோகைன் என்னும் வேதிச் செய்திகளை இரத்தத்தில் வெளியிடுகின்றன. அச்செய்தி எலும்பு மச்சையை எட்டியதும், முதிர்ச்சியடையாத வெள்ளை அணுக்களும் அவசரமாக வெளியே அனுப்பப்படுகின்றன.

இதற்குச் சான்று நமக்கு மிக அருகில், தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் கிடைத்தது. 1997 புகைமூட்டத்தின்போது இராணுவப் பயிற்சியிலிருந்த 30 ஆரோக்கியமான இளைஞர்களின் இரத்தத்தை ஆய்வாளர்கள் தொடர்ந்து சோதித்தனர். புகை விலகிய பின் எடுத்த அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டனர். புகை நாட்களில் முதிராத நியூட்ரோபில் அணுக்களின் விகிதம் கூடியிருந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது அதன் நேர்த்தி. கடும் உடற்பயிற்சியும் வெள்ளை அணுக்களைக் கூட்டும் அல்லவா? ஆனால், அவர்கள் இரு காலங்களிலும் ஒரே மாதிரியான பயிற்சியையே செய்தார்கள். ஆகவே, வேறுபாட்டுக்குக் காற்றையே காரணமாகக் கருத முடிகிறது. (அரைகுறைப் பயிற்சியுடன் போருக்கு அனுப்பப்பட்ட அணுக்கள், பயிற்சி வீரர்களின் உடம்பிலேயே!) ஆய்வாளர்கள் அளந்தது 10 மைக்ரான் வரையிலான துகள்களின் மொத்த எடையை, நானோ துகள்களின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டுக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டில் 2.5 மைக்ரான் துகள்கள் 2018-இல்தான் சேர்க்கப்பட்டன. 2013 ஜூன் மாதம் மூவாரில் குறியீடு 746-ஐத் தொட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது அவை கணக்கிலேயே இல்லை. நானோ துகள்களுக்கு எடை மிகக் குறைவு என்பதால், எடையை அளக்கும் குறியீட்டில் அவை இன்றும் சரியாகத் தெரிவதில்லை.

இப்போது என் தம்பி அதே திடலில் ஓடுகிறான். குறியீடு 100-ஐத் தாண்டும் நாட்களில் அவனை வீட்டுக்குள் கயிறு தாண்டச் சொல்கிறேன். சன்னலை அம்மா சாத்திவிடுவார்.