ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்ளும் முன்

சிறுநீரில் அடங்காத நுரை, கால் வீக்கம்: பெரியவர்களுக்கு இப்படிப் புரதம் ஒழுக மெம்பரேனஸ் நெஃப்ரோபதி ஒரு முக்கியக் காரணம். உடல் சுரக்கும் எதிர்ப்பொருள்களே சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் நோய் இது. எதிர்ப்பொருள் உற்பத்திக்கு வேரான பி செல்களைக் குறைக்கும் மருந்து ரிட்டுக்ஸிமாப். அதுவும் ஓர் எதிர்ப்பொருள்தான், ஆய்வகத்தில் செய்தது.

மருந்துக்கு முன்பே ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை கட்டாயம். பழைய தொற்றின் தடயத்தைக் காட்டும் பரிசோதனையும் அதில் சேர வேண்டும். பதுங்கிக் கிடக்கும் வைரஸ் விழித்துக்கொண்டால் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம். எப்போதோ மஞ்சள் காமாலை வந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தடுப்பூசிகளையும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. பின்னர் அவை சரியாகப் பலிக்காது.

மருந்து டிரிப்ஸில் பல மணி நேரம் மெதுவாக ஏறும். துணைக்கு ஒருவர் இருக்கட்டும். குளிர் நடுக்கம், அரிப்பு, தொண்டை இறுக்கம் தெரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். இவை முதல் தடவைதான் அதிகம் வரும். அன்று காலை ரத்த அழுத்த மாத்திரை போடலாமா என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் தெரிய மாதங்கள் ஆகும். 2019இல் வெளியான மென்டர் ஆய்வில், 2 ஆண்டு முடிவில் ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஒப்பீட்டுக்காக சைக்ளோஸ்போரின் என்ற வேறு மருந்தைப் பெற்றவர்களில் 20 சதவீதம்தான். பலன் தெரியும் வரை உப்பைக் குறையுங்கள். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.