ரிட்டயர் ஆனதும் தம்பதியா உலகம் சுத்தணுமா? டிக்கெட் காசு மட்டும் போதாது!

"நானும் வீட்டுக்காரரும் ரிட்டயர் ஆயிட்டோம், பசங்களுக்கும் கல்யாணம் முடிஞ்சுது. தாய்லாந்து, பாலின்னு ஒரு அஞ்சாறு மாசம் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம். எவ்வளவு எடுத்து வைக்கணும்?" தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் இந்தக் கேள்வி இப்போ சகஜமாயிடுச்சு. நல்ல ஆசைதான். ஆனா எல்லாரும் டிக்கெட், ரூம் வாடகை, சாப்பாடு மூணையும் கூட்டிட்டு அங்கேயே நிறுத்திடறாங்க.

இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு கொச்சி விஜயன் – மோகனா தம்பதிதான் ஞாபகம் வருவாங்க. ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்னு ஒரு சின்ன டீக்கடை நடத்தினவங்க. பயணத்துக்குன்னு தினமும் 300 ரூபாய் ஒதுக்கி வச்சாங்க. பத்தாததுக்கு லோன் வாங்கி, போய்ட்டு வந்து, அதை அடைச்ச பிறகுதான் அடுத்த நாடு. 2007-ல் வெளிநாடு போக ஆரம்பிச்சவங்க, 2021 அக்டோபரில் ரஷ்யா போய்ட்டு வந்தப்போ 26 நாடு ஆகியிருந்தது. நடுவுல 2019-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணத்துக்கு ஆனந்த் மஹிந்திரா உதவினார். ரஷ்யாவிலிருந்து வந்த அடுத்த மாசமே, 71 வயதில், விஜயன் மாரடைப்பில் இறந்துட்டார்.

தினம் 300 ரூபாய்னா வருஷத்துக்கு 1,09,500 ரூபாய். டூர் போக லோன் வாங்காதீங்கன்னு சொல்ற ஆள் நான். ஆனா அவங்க விஷயத்துல அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஊர் திரும்பினா கடை இருக்கு, மறுநாள் காலையில் கல்லாவுல காசு விழும். பென்ஷனும் எஃப்.டி. வட்டியும் மட்டும் இருக்கிறவங்களுக்கு அந்த வழி சரிப்படாது. அதோட கடைக்காரர் ரொம்ப நாள் கடையைப் பூட்ட முடியாது, அதனால சீக்கிரம் திரும்பிடுவார். நீங்க கேட்கிறது மாசக்கணக்குல தங்கற பயணம். அத்தனை நாள்ல உடம்பு ஒரு தடவையாவது மக்கர் பண்ணும்னு வச்சுத்தான் பட்ஜெட் போடணும்.

எந்த மாதிரி மக்கர்? பாலியையே எடுத்துக்குவோம். உலுவாட்டு கோயில் குரங்குகள் கண்ணாடி, செருப்பு, போன்னு பிடுங்கி வச்சுக்கிட்டு, தின்ன ஏதாவது கொடுத்தாத்தான் திருப்பித் தரும். இதை ஆராய்ச்சி பண்ணி 2021-ல் கட்டுரையே வந்திருக்கு. அனுபவப்பட்ட குரங்குகள் விலை உயர்ந்த பொருளாப் பார்த்து எடுத்து, நல்ல தீனிக்குப் பேரம் பேசுதாம். நம்ம ஊர் மார்க்கெட் வியாபாரம் தோத்துடும்!

சிரிச்சிட்டோம். இப்போ அதே குரங்கு கடிச்சா? பாலியில் 2008-லிருந்து ரேபிஸ் இருக்கு. கடிச்ச இடத்தை சோப்பு, ஓடும் தண்ணீர் வச்சு 15 நிமிஷம் கழுவணும், உடனே ஆஸ்பத்திரி போகணும். ரத்தம் வர்ற மாதிரி கடின்னா தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் போடணும். சின்னத் தீவுகள்ல அது எல்லா நேரமும் கிடைக்காது. தேடிப் பெரிய ஊருக்குப் போகணும்னா இரண்டு பேருக்கும் டிக்கெட், ரூம், அடுத்தடுத்த டோஸுக்காக மாத்தி எழுதின பயணத் திட்டம்னு செலவு ஏறும். இங்கேயே முன்கூட்டி ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கிட்டா, கடிச்ச பிறகு இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது, இரண்டு பூஸ்டர் டோஸ் போதும். தீவுகள்ல ரொம்ப நாள் தங்கறவங்க இதை டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

கொமோடோ டிராகன் பார்க்கப் போறவங்களுக்கு அந்த பல்லியை விட பயப்பட வேண்டியது தூரத்துக்குத்தான். லபுவான் பாஜோவிலிருந்து படகுல போற இடம் அது. அங்கே நெஞ்சு வலி வந்தா முதல் செலவு ஆஸ்பத்திரி பில் இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற செலவு. பாலிசியில் 'மெடிக்கல் எவாக்குவேஷன்'னு ஒரு வரி இருக்கும். அதுக்குத் தனி வரம்பா, மொத்தத் தொகைக்குள்ளேயான்னு முதல்ல அதைப் பாருங்க.

மத்த வரிகளும் அப்படித்தான். 60 வயசுக்கு மேல பல டிராவல் பாலிசிகள்ல ஐ.சி.யு., ஆபரேஷனுக்குத் தனித்தனி உச்சவரம்பு இருக்கும். வெளியே 1 லட்சம் டாலர்னு எழுதியிருந்தாலும் கைக்கு வர்றது அதுக்குள்ளேதான். பி.பி., சுகரை மறைக்காம எழுதுங்க. எழுதினாலும் உயிருக்கு ஆபத்துன்னாத்தான் கவர்னு சொல்ற பாலிசிகள் நிறைய. பெரும்பாலும் ஒரு பயணத்துக்கு 180 நாள் வரைதான். நீட்டிக்கணும்னா முடியறதுக்கு முன்னாடியே கேட்கணும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கறவங்க, அந்த நாட்டுல செல்லுபடியாகிற டூ-வீலர் லைசென்ஸ் இல்லாம விழுந்தா க்ளெய்ம் மறுக்கப்படலாம்.

இன்னொண்ணு, வெளிநாட்டுல இருக்கும்போது இங்கே இருக்கிற ஹெல்த் பாலிசி ரினியூவல் தேதி வந்துடும். வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதையும் தாண்டினா இத்தனை வருஷம் கழிச்ச காத்திருப்புக் காலம் வீணாப் போகலாம். ஆட்டோ-டெபிட் போடுங்க, ஓ.டி.பி. வர்ற இந்திய சிம்மை ரோமிங்ல உயிரோட வச்சிருங்க.

கலாபகோஸ் கனவு இருக்கிறவங்களும் உண்டு. ராட்சத ஆமை, கடல் உடும்பு பார்க்க வர்ற பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் நுழைவுக் கட்டணம் 200 டாலர். அதுக்கு ஈக்வடார் வழியா போகணும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாம அங்கிருந்து திரும்பினா இந்தியாவுல 6 நாள் வரை தனிமையில் வைப்பாங்க. நமக்குப் பக்கத்துல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த ஊசி போடறாங்க. 10 நாள் கழிச்சுத்தான் சான்று செல்லும். ஆனா 60 வயசைத் தாண்டினவங்க டாக்டர் யோசனை கேட்காம போட்டுக்காதீங்க.

சரி, எவ்வளவு? ஆறு மாசத்துக்கு இரண்டு பேருக்கும் 9 லட்சம் பட்ஜெட்னு வச்சுக்குவோம். நான் அதைத் தொடாம, தனியா இன்னொரு 3 லட்சம் லிக்விட் ஃபண்ட்லயோ ஸ்வீப்-இன் எஃப்.டி.யிலயோ வைப்பேன். ஏன்னா கேஷ்லெஸ் பாலிசி இருந்தாலும் ராத்திரி நேரத்துல ஆஸ்பத்திரி டெபாசிட் கேட்டா முதல்ல நாமதான் கட்டணும். லிக்விட் ஃபண்ட் பணம் கைக்கு வர ஒரு வேலை நாள் ஆகும், அதனால வெளிநாட்டு உபயோகம் ஆன் பண்ணின கிரெடிட் கார்டு ஆளுக்கு ஒண்ணு, வேற வேற பேங்க்ல. கணவர் படுத்திருக்கும்போது அவர் போன் பாஸ்வேர்டு மனைவிக்குத் தெரியாம நிக்கற நிலைமை வரக் கூடாது. பாலிசி நம்பர், உதவி எண், மாத்திரை சீட்டு மூணையும் பேப்பர்ல எழுதி இரண்டு பேர் பையிலயும் வைங்க.