நிற்பதும் யோகாதான்

நம்பிக்கை: யோகா என்பது உடம்பு வளைபவர்களுக்கு மட்டும்.

யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார் நம் கோலார் மாவட்டத்துக்காரர். 1918இல், உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் காலத்தில், பெல்லூரில் பிறந்தார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து நோஞ்சானாக வளர்ந்தார். 1934இல் மைசூரில் யோகா ஆசிரியரான அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியிடம் போய்ச் சேர்ந்தபோது, குனிந்தால் தரையைத் தொட முடியாத அளவுக்கு உடம்பு இறுகிக் கிடந்தது. பின்னாளில் கட்டை, பெல்ட், நாற்காலி, கயிறு எல்லாம் கொடுத்து, முடியாதவர்களையும் ஆசனம் செய்ய வைத்தவர் ஐயங்கார்தான்.

நம்பிக்கை: பாயைச் சுருட்டியதும் பயிற்சி முடிந்தது.

1966இல் வெளியான அவருடைய ‘லைட் ஆன் யோகா’ நூலில் முதல் ஆசனம் தாடாசனம். வெறுமனே நிற்பதுதான். எடையை ஒரே காலில் சாய்த்து நிற்பவர்களைச் செருப்பு தேயும் விதமே காட்டிக்கொடுக்கும் என்று அதில் விளக்குகிறார். விடியற்காலையில் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் வரை நின்றபடியே போகும் நம் பிள்ளைகள் தங்கள் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்க்கட்டும். இரு பாதங்களிலும் சம எடை, விறைக்காத முழங்கால், அவ்வப்போது தோள் மாற்றும் பை: இவ்வளவுதான் பாடம். கூட்ட நெரிசலிலும் இதைச் செய்யலாம், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

நம்பிக்கை: மூச்சுப் பயிற்சி செய்தால் நுரையீரலில் படிந்த சுரங்கத் தூசி வெளியேறிவிடும்.

இதை நம்பி மருந்தை நிறுத்துகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. தங்கச் சுரங்கத்தில் குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தபோது எழுந்த தூசி நுரையீரலில் தழும்பாகிவிடுகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை எந்தப் பிராணாயாமமும் அழிக்காது. 2001 பிப்ரவரி 28இல் நம் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. உள்ளே போன தூசி மூடலோடு போய்விடவில்லை. தூசி வேலையை விட்ட பிறகும் இந்நோய் முற்றக்கூடும்.

ஆனாலும் மூச்சைக் கவனிப்பதால் பலன் உண்டு. மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரு மடங்கு நேரம் மெல்ல விட்டால் இரைப்பு தணியும். மாடிப்படி ஏறும்போது, குடத்தைத் தூக்கும்போது, முயற்சிக்கும் அந்த நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். சிலிக்கோசிஸ் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை அவசியம்.

நம்பிக்கை: மனம் அடங்கினால் எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பலமாகக் காற்றடிக்கும் நாட்களில் தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் தூசி, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் வருகிறது. அப்போது வெளியே அமர்ந்து ஆழமாக மூச்சிழுப்பது கெடுதல். ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். மேடுகளை மண்ணாலும் செடிகொடியாலும் மூடவேண்டிய பொறுப்பு அரசுடையது. அதைக் கேட்டு மனுக் கொடுப்பதற்கு மன அமைதி ஒருநாளும் தடையில்லை.