பல்லாவரத்தில் பறந்தவரும் பள்ளிக்கரணையில் தேடியவர்களும்

அன்புள்ள கதிருக்கு,

பைலட் தேர்வு கைநழுவிப் போனதாக அக்கா போனில் சொன்னாள். விமானப்படையின் அந்தக் கணினித் தேர்வை ஆயுளில் ஒரு தடவைதான் எழுத முடியும் என்பது எனக்கும் தெரியும். சேலையூர் மொட்டைமாடியில் நின்று, தாம்பரம் தளத்துப் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவன் நீ. வலிக்கத்தான் செய்யும். ஆனால் "இனி விமானமே வேண்டாம்" என்று பி.காம். சேரப் போகிறாயாமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விமானம் என்றால் ஓட்டுவது மட்டுமா? 1910-ல் நம் பல்லாவரத்தில் ஒரு விமானம் பறந்தது. ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது ஏழு வருஷம்கூட ஆகவில்லை. அலகாபாத்தில் ஆன்றி பெக்கே கடிதப் பைகளோடு பறந்தது 1911 பிப்ரவரி 18-ல். இது அதற்கும் முந்தையது. ஓட்டியவர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கார்சிகா தீவுக்காரர். விமானத்தைக் கட்டிக்கொடுத்தது சிம்சன் கம்பெனி. சாரட்டும் கோச்சு வண்டியும் செய்து பேர் வாங்கிய பட்டறை அது. அந்தத் தொழிலாளிகள் கை வைக்காவிட்டால் டி ஏஞ்சலிஸ் தரையிலேயேதான் நின்றிருப்பார்.

கலாம் கதை உனக்குத் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர், விமானப்படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார். இடம் இருந்தது எட்டுப் பேருக்கு.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2016 ஜூலை 22 காலை, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலின் மேல் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் சலித்துத் தேடின. ஒரு துண்டுகூட அகப்படவில்லை. போனவர் இறந்தாரா, எங்கே விழுந்தார் என்று தெரியாமல் ஒரு குடும்பம் ஏழு வருஷத்துக்கு மேல் இருப்பதை நினைத்துப் பார்.

2024 ஜனவரியில் விடை கிடைத்தது. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் போகும்போது பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்திருப்பாய். அவர்கள்தான், விமானம் கடைசியாகத் தொடர்பில் இருந்த பகுதியில் ஆளில்லாத நீர்மூழ்கி ஒன்றை இறக்கினார்கள். வெளிச்சமே எட்டாத ஆழம் அது. ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து சோனார் கடல்தரையைப் படமாக்கும். கிட்டப் போனால் கேமரா எடுக்கும். சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிக் கிடந்த பாகங்கள் அந்தப் படங்களில் தெரிந்தன. விமானப்படை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை ஏஎன்-32-ன் பாகங்களோடு பொருந்தின.

29 வீடுகளுக்குப் பதில் சொன்ன அந்த வேலையை, பறப்பதைவிடக் குறைந்தது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். விமானத்தை வடிவமைப்பவர், பழுது பார்ப்பவர், ராடார் முன்னால் உட்கார்ந்திருப்பவர், விழுந்ததைத் தேடிப் போகிறவர் என்று எத்தனையோ பேரை நம்பித்தான் விமானி ஏறி உட்காருகிறார். கணக்கும் இயற்பியலும் உனக்கு நன்றாக வருகின்றன. அந்தப் பக்கம் ஆள் தேவைப்படுகிறது.

பொறியியல் கவுன்சலிங்குக்கு இன்றே பதிவு செய். முதல் விருப்பமாக எம்.ஐ.டி.யின் ஏரோநாட்டிக்கலைப் போடு. கட்டணத்தைப் பற்றி அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா